மன்றோ என்னும் பெயரும் பரம்பரைச் 'சர்' பட்டமும்

திருமலைக் கோயிலில் நாள்தோறும் நடைபெறும் நிவேதனத்தில் ஒரு பங்குக்கு 'மன்றோ கங்காளம்' என்ற பெயர் வழங்கி வருகிறது. கங்காளம் என்பது வாயகன்ற பெரும் பாத்திரம். அச்சொல் நமக்குப் புதிதன்று. அதன் முன் நிற்கும் மன்றோ என்பதே கடல் கடந்து வந்தது. சித்தூர் தாலுகாவில் உள்ள கோட்டவயலு என்னும் கிராமத்தின் வருமானத்தை இந்த நிவேதனத்துக்கென ஒதுக்கியவர் சென்னைக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ என்று வழிவழியாகச் சொல்லுவர். வயிற்று நோயால் வருந்திய அவர் வேங்கடவன் பிரசாதமான பொங்கலை உண்டு குணமடைந்தார் என்றும் அதற்கு ஒரு கதை உண்டு.

ஆனால், நேயர்களே, மன்றோ என்ற பெயருடன் நம் நாட்டுக்கு வந்தவர் அவர் ஒருவர்தாமா? 1764ஆம் ஆண்டில் பக்சார் போரில் வென்று, 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படையால் சூழப்பட்ட பெய்லியைக் காக்கத் தவறியவர் ஹெக்டர் மன்றோ. 1811 முதல் 1814 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் ஜான் மன்றோ. கொல்லத்துக்கு அருகே இன்றும் அவர் பெயரில் ஒரு தீவு இருக்கிறது. எல்லாரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள் அல்லது அந்நாட்டு வழியில் வந்தவர்கள். பழைய தாள்களை மொழிபெயர்க்கும் தொழிலில் இருப்பவனுக்கு, "மன்றோ துரை உத்தரவு" என்ற மூன்று சொற்களே அரை நாள் வேலையைத் தந்துவிடும். எந்த மன்றோ?

'சர்' என்ற அடைமொழி உதவுமே என்று தோன்றலாம். அதுவே பெரிய சிக்கல். அந்த அடைமொழி இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, வீரப் பட்டம் பெற்றவருக்கு அவர் ஆயுள் உள்ளவரை உரியது. ஹெக்டர் மன்றோ பெற்றது அவ்வகை, அவரோடு அது முடிந்தது. மற்றொன்று 'பாரனட்' என்னும் பட்டம். பிரபுக்கள் சபையில் இடம் தராத பட்டம் அது. எனினும் தந்தைக்குப் பின் மூத்த மகனுக்குப் போய்ச் சேரும். அதற்கு நேரான தமிழ்ச் சொல் கிடையாது; 'பரம்பரைச் சர்' என்றே நான் எழுதி வருகிறேன்.

இப்பட்டத்தின் பிறப்பு அத்துணை உன்னதமானதன்று. 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு அயர்லாந்தில் படை நிறுத்தப் பணம் வேண்டியிருந்தது. முப்பது போர்வீரர்களுக்கு மூன்றாண்டுச் சம்பளமாக 1,095 பவுன் கட்டியவருக்குப் பட்டம் என்று ஏற்பாடாயிற்று. பின்னர் நோவா ஸ்கோஷியாவில் குடியேற்றம் செய்வதற்கென ஸ்காட்லாந்திலும் இதே வழி பின்பற்றப்பட்டது. மன்றோ குலத் தலைவர்களான பௌலிஸ் குடும்பத்தார் 1634இல் பெற்றது அப்பட்டம். நம் தாமஸ் மன்றோவின் பட்டம் வேறு. பர்மியப் போருக்குச் சென்னையிலிருந்து படையும் பொருளும் அனுப்பியதற்காக 1825இல் அளிக்கப்பட்டது அது. லிண்டெர்டிஸ் என்ற ஊரின் பெயரால் வழங்குவது. குலப்பெயர் ஒன்று, பட்டங்கள் இரண்டு, வாரிசு வரிசையும் தனித்தனி.

இங்கு ஓர் இந்தியக் குடும்பத்தையும் நினைக்கலாம். 1857இல் இந்தியருள் முதன்முதலாகப் பாரனட் ஆனவர் பம்பாய் வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய். அவர் மறைவுக்குப் பின் 1860இல் இயற்றிய சட்டப்படி, பட்டத்துக்கு வருபவர் எவராயினும் தம் சொந்தப் பெயரை விடுத்து 'ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய்' என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சியாளர்மீது அச்சட்டத்துக்கு ஏதோ பகை இருந்திருக்க வேண்டும்!

மன்றோ வீட்டில் அந்தச் சட்டம் இல்லாமலே அதே குழப்பம் நேர்ந்தது. கவர்னர் மன்றோ 1827ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தார். பட்டம் எட்டு வயதுச் சிறுவனான மூத்த மகனுக்குப் போயிற்று. அவன் பெயரும் தாமஸ். ஆகவே 1827 முதல் 1901 வரை ஒரு 'சர் தாமஸ் மன்றோ' வாழ்ந்துகொண்டே இருந்தார். தந்தையின் பட்டத்தைச் சுமந்தவர் அவர். கங்காளத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

காலக்கணக்கு இன்னொன்றையும் தெளிவாக்கும். கடப்பை, பல்லாரிப் பக்கங்களில் 1800 முதல் 1807 வரை தாமஸ் மன்றோ கலெக்டராக இருந்தபோது அவர் மேஜரும் கர்னலுமே. 'சர்' ஆனது 1819இல்தான். அந்நாளில் திருப்பதி அவர் ஆளுகையில் இல்லை. அது சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1843இல் ஹாதிராம்ஜி மடத்தாரிடம் ஒப்படைக்கப்படும் வரை கோயில் நிர்வாகத்தைக் கம்பெனி அதிகாரிகளே பார்த்தார்கள். எனவே சித்தூர்க் கிராமம் ஒன்றின் வருமானத்தை அவர் திருமலைக்கு ஒதுக்கினார் என்றால், 1820க்கும் 1827க்கும் இடையே, கவர்னர் என்ற முறையில் ஒதுக்கியதாகக் கொள்வதே பொருந்தும். நோய் தீர்ந்த கதையைப் பக்தர்கள் பக்தர்களாகவே கேட்கட்டும். ஆண்டை மட்டும் நாம் சரியாகச் சொல்லுவோம்.

ராயலசீமைக் குடியானவர்கள் இந்த ஆராய்ச்சிக்குக் காத்திருக்கவில்லை. அவரை 'மாண்டவ ரிஷி' என்றார்கள். பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயரிட்டார்கள். சீமையில் குலப்பெயராக இருந்தது இங்கே இடுபெயராயிற்று.

மகன் தாமஸுக்குப் பின் பட்டம் அவர் தம்பி காம்ப்பெல்லுக்கும், 1913இல் காம்ப்பெல்லின் மகன் ஹியூவுக்கும் வந்தது. இந்த நான்காம் பாரனட் மலையேறுவதில் பித்துக் கொண்டவர். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களையெல்லாம் தொகுத்து 1891இல் அட்டவணையாக வெளியிட்டார். அன்றுமுதல் அம்மலைகளுக்கு 'மன்றோக்கள்' என்றே பெயர். இன்றைய கணக்கில் அவை 282. நம் திருமலைக் கோயில் நிற்குமிடம் ஏறத்தாழ 2,800 அடி. ஹியூவின் அளவுகோலுக்கு இருநூறு அடி குறைவு. பாட்டனார் பெயரில் அங்கே நாள்தோறும் பொங்கல் படைக்கப்பட்டது பேரனுக்குத் தெரியுமோ, என்னவோ. தம் அட்டவணையில் உள்ள எல்லாச் சிகரங்களையும் ஏறி முடித்துவிட அவர் விரும்பினார். ஸ்கை தீவில் உள்ள செங்குத்துப் பாறை ஒன்று கடைசிவரை அவருக்கு எட்டவில்லை. 1919இல் அவர் காலமானார்.