இடுப்பு வலியும் முன்வினையும்



இடுப்பு வலி ஏழை, பணக்காரன் பார்த்து வருவதில்லை. ஆனால் மூட்டை தூக்குகிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் அது வந்தால் அன்றையக் கூலி போய்விடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு நம் ஜனங்கள் சொல்லும் வைத்தியமென்ன? ஒருவர் முன்வினை என்கிறார். ஒருவர் கயிறு மந்திரித்துக் கட்டு என்கிறார். இன்னொருவர், காலோடு பிறந்தவனைக் கூட்டிவந்து இடுப்பில் உதைக்கச் சொல் என்கிறார். உதைத்ததும் சுகமாயிற்று என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லுவதாக நான் சொல்லவில்லை. திடீரென்று வரும் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். உதைத்தாலும் போகும், உதைக்காவிட்டாலும் போகும். பெயர் மாத்திரம் காலுக்கு!

நிற்க, வலி என்பதுதான் என்ன? 1664-ல் அச்சான தம் நூலில் டேக்கார்ட் என்னும் பிரஞ்சுக்காரர், கயிற்றை இழுத்தால் மணி அடிப்பதுபோல, காலில் சுட்டால் நரம்பு வழியாய் மூளையில் தெரிகிறது என்றார். அவர் கடவுளை நம்பினவர்தான். ஆனாலும் வலிக்குக் காரணத்தைச் சரீரத்திலேயே தேடினார். 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர், முதுகுத் தண்டுவடத்தில் கதவுபோன்ற ஓர் ஏற்பாடு உண்டென்றும், அதைத் திறக்கவும் சாத்தவும் மூளைக்குச் சக்தியுண்டென்றும் எழுதினார்கள். அவர்கள் சொன்ன நுணுக்கங்கள் சில பின்னால் திருத்தப்பட்டன. மூளை வலியைக் கூட்டும், குறைக்கும் என்பது நிலைத்துவிட்டது. 1983-ல் ஊல்ஃப் என்பவர், காயத்துக்குப் பிறகு தண்டுவடமே அதிகக் கூச்சமடைகிறதென்று எலிகளில் காட்டினார். சிலருக்குக் காயம் ஆறியும் இந்தக் கூச்சம் ஆறுவதில்லை. திருடன் போன பிறகும் நாய் குரைத்துக்கொண்டே இருப்பதில்லையா, அப்படி.

இனி, ஸ்கேன் படத்தைப் பார்ப்போம். முதுகு வலியே இல்லாத 3110 பேரின் படங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளை 2015-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதிலேயே 100-க்கு 37 பேருக்கும், 80 வயதில் 96 பேருக்கும் ஜவ்வு தேய்ந்திருந்தது! ஆகவே தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டே ஒருவன் பயந்து பாயில் கிடக்க வேண்டியதில்லை. அதுபோலவே, படத்தில் ஒன்றுமில்லையாம், கூலிக்காரன் வேஷம் போடுகிறான் என்று முதலாளி சொல்லுவதும் அக்கிரமமாகும். நரம்பின் கூச்சம் அந்தப் படத்தில் விழாது. அவன் படும் வலி நிஜம்.

“பயம் போனால் வலி குறையுமென்றால் மந்திரமும் பலிக்கத்தானே செய்யும்?” என்று ஆஸ்திகர்கள் கேட்கலாம். சற்றுக் குறையலாம். ஆனால் மந்திரவாதி ஒரு பயத்தை எடுத்துவிட்டு, செய்வினை, கிரகம், கண்ணேறு என்று ஒன்பது பயங்களை வைத்துவிட்டல்லவா போகிறான்? 2022-ல் வெளியான ஒரு சோதனையில், நாட்பட்ட முதுகு வலிக்காரர்களுக்கு வலி உண்டாகும் விதத்தை விளக்கி, பயமின்றி அசையப் பழக்கினார்கள். நாலு வாரத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வலி அநேகமாய் நீங்கிற்று. அது ஒரு சிறு சோதனைதான். ஆயினும் அதில் தட்சணையுமில்லை, தாயத்துமில்லை.

சாதாரண இடுப்பு வலிக்காரர் எழுந்து நடமாடலாம். வேலையைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கலாம். கால் வலுவிழந்தாலும், மலஜலம் கட்டுக்கடங்காமற் போனாலும், தொடையிடுக்கு மரத்தாலும், காய்ச்சலோடு வலித்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நரம்பு நசுங்கியிருந்தால் தாமதிக்கத் தாமதிக்கக் கால் தேறுவது கஷ்டம்.