மாகாணத்துக்குப் போகட்டும், கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்

(தோட்டக் கிளைத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் மாவட்டப் பிரதிநிதி ஆற்றிய உரை)



நமது பிரதேச சபை உறுப்பினர், மாகாண சபைத் தேர்தல் வந்தால் போட்டியிட விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். "லயத்துப் பாதையே பாதியில் கிடக்கிறது, அதற்குள் மேலே ஏறப் பார்க்கிறாரே" என்று உங்களில் சிலருக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் அவர் அங்கே போனால் நமக்கு என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

பிரதேச சபையின் கையில் இருப்பது சிறு பாதை, தெரு விளக்கு, குப்பை, மயானம், நூலகம். அதுவும் நமக்கு லேசில் கிடைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்றார்கள். ஓட்டுக் கேட்க லயத்துக்கு வரலாம், கொங்கிரீட் போட மட்டும் வர முடியாது! 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் பிரதேச சபையிடம் போய்ப் பயனில்லை. தேசிய பாடசாலைகள் தவிர்ந்த அரசாங்கப் பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் படிப்பது அவற்றில்தான். பிரதேச வைத்தியசாலையும் மாகாண வீதிகளும் அப்படியே. பிரதேச சபைகளைக் கண்காணிக்கும் உள்ளூராட்சி ஆணையாளரும் மாகாணத்தின் அதிகாரிதான்.

அந்த மாகாண சபையின் நிலை என்ன? மத்திய மாகாணத்தில் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த வருடம் பாராளுமன்றம் நிராகரித்தது. தேர்தல் அந்தரத்தில் தொங்கியது. அதன்பின் ஆளுநரும் அதிகாரிகளுமே நிர்வாகம் நடத்தினார்கள். ஊவாவிலும் சப்ரகமுவவிலும் இதே கதை. ஆசிரியரைக் கேட்டுக் கடிதம் எழுதுகிறோம்; சபையில் எழுந்து "ஏன் அனுப்பவில்லை?" என்று கேட்க நாம் தெரிவு செய்த ஆள் இல்லை.

ஆகவே அவர் போகட்டும் என்பதே என் கருத்து. ஆனால் மூன்று விஷயங்களை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்று, கணக்கு. எந்தப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எது முடிந்தது, எது நிற்கிறது என்று எழுதி, ஒவ்வொரு டிவிஷனிலும் ஆட்கள் முன்னால் வாசிக்க வேண்டும்.

இரண்டு, அவருடைய இடம். அது வெறுமையாகவும் கிடக்கக்கூடாது, உறவுக்காரருக்கும் போகக்கூடாது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் இருக்கிறது. மலையில் கொழுந்து எடுப்பவர்களில் அதிகம் பேர் பெண்கள். தண்ணீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? இந்தக் கூட்டத்திலேயே தகுதியான தலைவிகள் இருக்கிறார்கள்.

மூன்று, வேலைத்திட்டம். "சேவை செய்வேன்" என்ற பேச்சு போதாது. எந்தப் பாடசாலைக்கு எந்தப் பாட ஆசிரியர் தேவை, எந்த வைத்தியசாலையில் தமிழ் பேசும் உத்தியோகத்தர் இல்லை என்ற பட்டியலோடு அவர் வாக்குக் கேட்க வரவேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிப்பது நம் வேலை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

தம்பி, நீங்களும் இங்கேதான் இருக்கிறீர்கள். உங்களைத் தடுக்க நாங்கள் பேசவில்லை. இந்த மூன்றுக்கும் பதிலோடு வாருங்கள். தோட்டம் தோட்டமாக உங்களுக்காக நாங்கள் நடப்போம்.