அன்னதானமும் ஆரோக்கிய வாழ்வும்



ஆலயங்களைச் சார்ந்து நிகழும் அறங்களுள் அன்னதானம் தலையாயது என்பது ஆன்றோர் கொள்கை. பசித்தவன் இலையில் அன்னம் இடுதல் ஓர் உயிரைத் தாங்கும் திருப்பணியாகும். ஆயினும், வயிறு நிறைதல் வேறு, உடல் ஊட்டம் பெறுதல் வேறு என்பதனை அறம் புரிவோர் சிந்தித்தல் வேண்டும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ எனத் தலைப்பிட்ட 95-ஆம் அதிகாரத்தில் மூலிகை எதனையும் குறித்தாரல்லர். முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும் முறையையே பெரிதும் வற்புறுத்தினார். உணவே முதல் மருந்து என்பது இதனாற் புலனாகும்.

வடலூரில் 1867-ஆம் ஆண்டு இராமலிங்க அடிகளார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டமோ ‘சத்துணவு’ என்னும் பெயர் பெற்றது. உணவு சத்துணவாதல் வேண்டும் என்னும் நோக்கம் அப்பெயரிலேயே அமைந்துள்ளது.

அந்நோக்கத்தின் அருமையைக் குன்னூரில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி முன்னரே காட்டியது. இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், பாரதத்தின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், காய்கறி பெற்றவை செழித்தன. அரிசியையே பெரிதும் நம்பிய தென்னாட்டு உணவு பெற்றவை மெலிந்தன. குற்றம் அரிசியினுடையதன்று. மிகத் தீட்டுவதால் தவிட்டோடு தயாமின் என்னும் வைட்டமின் சத்து நீங்கிவிடுகின்றது. கஞ்சியை வடித்துக் கொட்டுவதால் எஞ்சியதும் குறைகின்றது. நெல்லை உமியோடு புழுக்கும்போது அச்சத்து அரிசியினுள் இறங்கித் தங்குவதால், புழுங்கலரிசி சிறப்புடையது.

இக்குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேரும், 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேரும் இரத்தச் சோகையுற்றிருந்தனர். சோகையுற்ற தாய் எடை குறைந்த மகவை ஈன்றெடுக்க நேர்கின்றது. இரும்புச்சத்துக் குன்றிய குழந்தைக்குப் பாடத்தில் மனம் பதிவதில்லை. ஆகவே ஒரு வீட்டின் உணவுக் குறை சமுதாயத்தின் குறையாகவே விளைகின்றது.

இதற்கு வழி தொலைவில் இல்லை. ஆலயத்து மடைப்பள்ளியிலேயே உள்ளது. வெண்பொங்கலில் அரிசியோடு பாசிப்பருப்புச் சேர்கின்றது. அரிசியிற் குறைந்த புரதக் கூற்றைப் பருப்பும், பருப்பிற் குறைந்ததை அரிசியும் நிரப்புகின்றன. சுண்டல் மலிந்த விலையிற் கிடைக்கும் நல்ல புரதம். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதன் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். அன்னதானத்திற்குப் பொருள் வழங்கும் புரவலர் அரிசி மூட்டையோடு பருப்பு, கீரை, மோர் ஆகியவற்றிற்கும் வகை செய்வாராயின், அவ்வறம் இருமடங்கு பயன் தரும்.

குடமுழுக்கின்போது கோபுரக் கலசத்துள் வரகு முதலிய தானியங்களை நிரப்புதல் தொன்றுதொட்ட வழக்கம். கோபுரத்தின் உச்சியில் வைத்துப் போற்றப்படும் அத்தானிய வளம், கோபுரத்தின் அடியில் பசித்து நிற்கும் குழந்தையின் இலையையும் வந்தடைதல் வேண்டும். அன்றே திருப்பணி நிறைவுறும்; திருவருளும் பெருகும்.