சூப்பர் கம்ப்யூட்டர் நம் பிள்ளைகளுக்கும்தான்



ஊட்டி முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியை நாம் அறிவோம். 1970 முதல் நம் மலையில் விஞ்ஞானம் நடக்கிறது. நம் பிள்ளைகள் அதை வெளியே நின்றுதான் பார்க்கிறார்கள்.

இன்றைய ஆராய்ச்சிக்குச் சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022-ல் தொடங்கிய 'பரம் பொருள்' நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் வரை போடும் திறனுடையது. இப்படிப்பட்ட கணினியின் அருகில் போய் உட்கார வேண்டியதில்லை. அனுமதி கிடைத்தால் தொலைவிலிருந்தே, மடிக்கணினி வழியாக வேலையை அனுப்பலாம். முறை வந்ததும் முடித்துத் தரும். ஆனால் லினக்ஸ் கட்டளைகளும், ஒரு கணக்கைப் பல பிராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையும் தெரிய வேண்டும். அதற்குத்தான் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யும் அந்தப் பயிற்சி மையங்களில் ஒன்று.

எஸ்டேட் வீடுகளிலிருந்து இயற்பியல், வேதியியல் படிக்கப் போகும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், "இது நமக்கில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். கடைசித் தேதி முடிந்தபின் எங்களிடம் வந்தவர்களும் உண்டு.

அடுத்த அறிவிப்பு வந்ததும் உடனே வாருங்கள். விண்ணப்பமும் பயணச் செலவும் எங்கள் பொறுப்பு. பிள்ளையைத் தயங்காமல் அனுப்பி வைப்பது உங்கள் பொறுப்பு.