கொலுப்படியில் கொழுந்துக் கூடை

(ரிங்லெட்டில் நடந்த தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரை)



கடவுளுக்குச் சிலை பல நாடுகளில் உண்டு. முடி வெட்டுகிறவருக்கு? அதையும் செய்தார்கள் கிரேக்கர்கள். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் பியோத்தியா பகுதிக் குயவர்கள், கையில் அடங்குகிற சுடுமண் பொம்மைகள் செய்தார்கள். உட்கார்ந்திருப்பவருக்கு ஒருவர் முடி வெட்டுகிறார். ஒரு பெண் பாலாடைக்கட்டி துருவுகிறாள். இன்னொரு பொம்மையில் பெண்கள் வரிசையாக நின்று மாவு பிசைகிறார்கள். பக்கத்தில் ஒருவர் குழல் ஊதுகிறார். அலுப்புத் தெரியாமல் இருக்கத்தான் போலும்! நம் வயலில் நடவுப் பாட்டு இல்லையா, அது மாதிரி.

இவற்றில் பல, கல்லறைகளில் இறந்தவரோடு வைக்கப்பட்டவை. 1870-களில் தனக்ரா என்ற ஊரின் கல்லறைகளைத் தோண்டியபோது, போர்வை போர்த்திய பெண் பொம்மைகள் ஏராளமாக வெளிவந்தன. மன்னர்களின் கதையைப் புலவர்கள் பாடி வைத்தார்கள். மாவு பிசைந்தவளை நமக்குக் காட்டியது அந்தக் குயவரின் களிமண்.

நமக்கும் இந்தக் கலை புதிதல்ல. நவராத்திரிக் கொலுவைப் பாருங்கள். சாமிகளுக்குக் கீழ்ப்படியில் தொந்தியும் தொப்பையுமாக மளிகைக்கடைச் செட்டியார், பக்கத்தில் ஆச்சி, எதிரே அரிசி, பருப்பு. அதற்கடுத்துக் கல்யாண வீடு. பண்ருட்டியிலும் மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியிலும் இவற்றை இன்றும் செய்கிறார்கள். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. இரண்டையும் ஒட்டி, காயவைத்து, சுட்டு, வர்ணம் தீட்டுவார்கள். தனக்ராப் பெண்களும் அச்சில் பிறந்தவர்கள்தாம். சூளையில் வெடிக்காமல் இருக்க முதுகில் ஓர் ஓட்டை விட்டார்கள், கெட்டிக்காரர்கள்!

ஆனால் ஒன்று கேட்கிறேன். இங்கே 1929-இல் போ தோட்டம் தொடங்கியது. அந்தச் சரிவுகளில் நம் பாட்டிமார்கள் கொழுந்து பறித்தார்கள். நான் பார்த்த எந்தக் கொலுவிலும் கூடை சுமந்த பெண் இல்லை. செட்டியாருக்கு இடமிருக்கிறது, அவரிடம் கடனுக்கு அரிசி வாங்கியவளுக்கு இல்லை! இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். கையால் கிள்ளிய தலைமுறை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த நவராத்திரிக்கு ஒரே ஒரு பொம்மை செய்வோம். பள்ளிப் பிள்ளைகளே பிசையட்டும், கோணலாக வந்தாலும் பரவாயில்லை. கூடையின் கயிறு தலையிலா தோளிலா, மழைக்கு இடுப்பில் என்ன கட்டினார்கள், எத்தனை விரலால் கிள்ளினார்கள்? பாட்டியிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.