நன்னீர் மீன்பிடிக்கு ஒரு தூண்டில்



கடல் சூழ்ந்த குடாநாட்டில் இருந்துகொண்டு, குளத்து மீனையும் அதனைப் பிடிக்கும் தூண்டிலையும் பற்றிப் பேச ஒருவன் முன்வருவது உங்களுட் சிலருக்கு நகைப்பை விளைக்கக்கூடும். யாழ்ப்பாணத்தார்க்கு மீன் என்றால் கடல்மீன்தான். பாரையும் விளைமீனும் ஓராவும் சந்தையிற் கிடக்கும்போது, சேற்று மணம் வீசும் குளத்து மீனை யார் தேடிப் போவார் என்று கேட்பாரும் உளர். எனினும், அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் தம் மகனை அழைத்து வந்து, "ஐயா, தம்பிக்கு ஒரு தூண்டில் வாங்கவேண்டும், எல்லா மீனுக்கும் பொதுவாய் உதவக்கூடியது எது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

எமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுதானும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கத்திற் கடனீரேரியோடு கலந்துவிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையால் நிறையும் குளங்கள், கோடையிற் பெரும்பாலும் வெடித்த சேறாய்க் கிடக்கும். அந்தச் சேற்றுக்குள்ளும் விரால் புதைந்து, காற்றை நேரே சுவாசித்து, அடுத்த மழை வரை உயிர் பிழைத்திருக்கும். ஆனையிறவைக் கடந்து தெற்கே சென்றாலோ நிலைமை வேறு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடு முதலாகப் பல பெருங் குளங்கள் அங்கே உள. 1952 ஆம் ஆண்டு இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மீனாகிய திலாப்பியா, விரால், கெளிறு, குஞ்சுகளாக விடப்பட்டு வளரும் றோகு, கட்லா ஆகியன அக்குளங்களில் வாழ்கின்றன.

நான் முன்னர் அப்பகுதியிலுள்ள ஒரு பாடசாலையிற் கடமையாற்றினேன். அங்கே ஒரு நாட் காலை, குளத்து மீனவர் சங்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், கையிற் சுருட்டிய வலையொன்றுடன் அலுவலகத்துக்கு வந்தார். மெல்லிய தங்கூசி வலை. அதன் கண்ணுக்குள் என் சுண்டுவிரல் நுழைவதே அரிது. "இது உங்கள் பொடியன் ஒருவன் குளத்தில் விரித்த வலை. நாங்கள் விட்ட குஞ்சுகள் விரலளவு வளருமுன்னே இதிற் போகின்றன. நீங்களே கேளுங்கள்" என்றார்.

பையனை அழைத்தேன். தந்தையை இழந்தவன், தாயும் இரு தங்கையரும் வீட்டில். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்து நின்றுவிட்டு, "ஐயா, நான் தூண்டில் வாங்கத்தான் கடைக்குப் போனேன். அவர்கள் காட்டிய தூண்டிலின் விலைக்கு என்னிடம் காசு இல்லை. இந்த வலை அதிலும் மலிவு" என்றான். அவனைத் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தை மட்டும் எடுத்துச் சொன்னேன். உள்நாட்டு நீர்நிலைகளில், விரித்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளக்கும்போது 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுடைய செவுள்வலையைப் பயன்படுத்தலாகாது என்பது 1996 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி. ஒருமுறையேனும் இனம்பெருக்கும் வரை மீனுக்கு வாழ்வு அளிப்பதே அதன் நோக்கம். திலாப்பியா தானே பெருகும். றோகுவும் கட்லாவும் எமது குளங்களில் இனம்பெருக்குவதில்லை, அவற்றை ஆண்டுதோறும் விட்டே ஆகவேண்டும். ஆதலின் அக்குஞ்சுகள் பிறர் முதல் இட்டு விதைத்த பயிர் போன்றவை.

பையன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நான் எதைக் கொண்டு பிடிப்பது, ஐயா?" என்றான். நேயர்களே, அந்தக் கேள்விக்கு விடை இல்லாமற் சட்டத்தை மட்டும் போதிப்பது ஆசிரியனுக்கு அழகன்று. அன்று மாலையே அவனையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே நான் கண்டவற்றையும், பின்னர் அனுபவத்தில் அறிந்தவற்றையும் ஒழுங்காகக் கூறுகின்றேன்.

முதலாவது, நூல். முற்காலத்தில் மேனாட்டார் குதிரை மயிரைத் திரித்தும், பட்டிழையைக் கொண்டும் தூண்டில் நூல் செய்தனர். 1935 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நைலோன் கண்டறியப்பட்ட பின்னர், நீரிற் புலப்படாத ஒற்றையிழை நூல் எங்கும் பரவிற்று. அதையே நாம் தங்கூசி என்கின்றோம். எமது குளத்து மீன்களுக்குப் பத்து இறாத்தல் தாங்கும் நூல் பொதுவாய்ப் போதும். அதன் தடிப்பு ஏறத்தாழ 0.30 மில்லிமீற்றர். இதனினும் மெல்லியதாயின் தாமரைக் கொடியிற் சிக்கி அறும். தடித்ததாயின் தொலைவுக்கு எறிய இயலாது. வெயில் நைலோனின் வலிமையைக் குறைக்கும். கடை வாயிலில் வெயிலிற் தொங்கிக் கிடந்த நூலை எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள். முடிச்சை இறுக்குமுன் நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நூல் உராய்ந்து சூடேறி அவ்விடத்திலேயே நலிவுறும்.

இரண்டாவது, முள். இதன் இலக்கம் பலரை மயக்கும். எட்டாம் இலக்க முள் நான்காம் இலக்கத்தினும் சிறியது. இலக்கம் குறையக் குறைய முள் பெருக்கும். ஒன்றுக்குப் பின்னர், ஒன்றின் கீழ்ச் சுழியம், இரண்டின் கீழ்ச் சுழியம் என்று எழுதப்படுபவை மேலும் மேலும் பெரியன. திலாப்பியாவின் வாய் சிறிது. அதற்கு எட்டாம் இலக்கம் ஏற்றது. பெருவாய் படைத்த விராலுக்கு ஒன்றின் கீழ்ச் சுழியம் வேண்டும். இவ்விரண்டிலும் பத்துப் பத்து வாங்கினால் ஓராண்டுக்குக் காணும். முள்ளின் எதிர்நாக்கைக் குறட்டினால் நசுக்கிவிடுவது நன்று. சிறு மீனை ஊறின்றித் திரும்ப விடலாம். உங்கள் விரலிற் தைத்தாலும் எளிதிற் கழற்றலாம்.

மூன்றாவது, ஈயம். நீர்ப்பறவைகள் குளத்தடியிற் கிடக்கும் சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறக்கின்றன. இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் இவ்வாறு மடிந்தமையால், 1987 ஆம் ஆண்டில் அங்கே சிறிய ஈயக் குண்டுகள் தடைசெய்யப்பட்டன. பழைய இரும்பு நட்டு ஒன்றைக் கட்டினால் அதே வேலையைச் செய்யும், செலவும் இல்லை.

நான்காவது, தடி. கடைத் தடி வாங்க வசதியுள்ளோர் ஆறரை அடி முதல் ஏழடி வரை நீளமான, நடுத்தர வளைவுடைய, இரு துண்டாகக் கழற்றக்கூடிய கண்ணாடியிழைத் தடியைத் தெரிந்தெடுக்கலாம். காபன் தடி பாரம் குறைந்ததுதான். ஆனால் கல்லில் அடிபட்டால் முறியும். அன்றியும் அது மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளின் கீழும் இடிமுழக்கத்தின்போதும் அதனை உயர்த்தி நிற்பது ஆபத்து. நூல் செல்லும் வளையங்களுக்குள் சிறிது பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பிடித்தால் அவ்வளையத்தில் வெடிப்பு உண்டு. அது உங்கள் நூலை அறுக்கும்.

ஐந்தாவது, நூல் சுற்றும் றீல். சுருள் அசையாது நிற்க, நூல் மட்டும் கழன்று செல்லும் வகை தொடக்கக்காரருக்கு எளிது. இங்கிலாந்தில் இல்லிங்வேர்த் என்பவர் 1905 ஆம் ஆண்டில் உரிமைப்பதிவு பெற்ற அமைப்பு அது. 2500 என்று குறிக்கப்பட்ட அளவு எமது தேவைக்குப் பொருந்தும். மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் திருகினை, நூலின் வலிமையில் நாலிலொரு பங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறுக முடுக்கிவிட்டுப் பெரிய விரால் நூலை அறுத்துக்கொண்டு போயிற்று என்று வருந்துவாரை நான் கண்டிருக்கின்றேன். நானும் அவ்வாறு வருந்தியவனே.

இவ்வளவும் வாங்கப் பணம் இல்லாதவர் என்ன செய்வது? தடியிலும் றீலிலும் சிக்கனம் செய்யுங்கள். நூலிலும் முள்ளிலும் செய்யாதீர்கள். பத்தடி நீளமான நேர் மூங்கில் ஒன்று, அதே நீளத்துக்கு நல்ல நூல், இரண்டு அளவில் முள், மயிலிறகுத் தண்டினால் ஒரு மிதப்பு, ஈரமண்ணிற் தோண்டிய நாக்கிளிப் புழு, இவ்வளவு போதும். கரையோரத்துத் திலாப்பியாவுக்கு இதனினும் சிறந்த கருவி தேவையில்லை. அந்தப் பையனுக்கு நாங்கள் அன்று வாங்கியது நூலும் முள்ளும் மாத்திரமே. மூங்கிலை அவனே வெட்டிக்கொண்டான். அதற்கான செலவு அவன் வலைக்குக் கொடுத்ததிற் பாதியும் ஆகவில்லை.

சூதிலே பெறும் வெற்றியை, தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். சிறுகண் வலையில் அள்ளிய மீனும் அத்தகைய வெற்றிதான். இவ்வாண்டு கூடை நிறையும். அடுத்த ஆண்டு குளம் வெறிதாகும். தூண்டிலின் சிறப்பு, பிடித்த பின்னரும் தெரிந்தெடுக்க இடந்தருவது. விராற் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாய் நீர்மேல் வரும்போது, அவற்றின் கீழே தாயோ தந்தையோ காவல் நிற்கும். அவ்வேளையில் இரையைக் காட்டினால் விரால் சினந்து பாய்ந்து கவ்வும். பிடிப்பது மிக எளிது. காவலை இழந்த குஞ்சுகள் அத்தனையும் பிற மீன்களுக்கு இரையாகும். தூண்டிற்காரன் கைகட்டி நிற்கவேண்டிய நேரம் அது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மாரிக் குளத்தின் ஆழம் மேலிருந்து பார்ப்பவருக்குப் புலனாகாது. மண் அகழ்ந்த பள்ளங்களும் உள்ளே மறைந்திருக்கும். வன்னிக் குளங்களில் முதலையும் உண்டு. பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். சிக்கிய முள்ளை எடுக்க நீரில் இறங்கலாகாது என்று முன்னரே கட்டளையிடுங்கள். ஒரு முள்ளின் விலை சில ரூபாய்களே. அறுந்த நூலைக் கரையில் எறியாது வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொக்கின் காலிற் சிக்கினால் அது பறக்க மாட்டாது வாடிச் சாகும்.

அடுத்த சனிக்கிழமை, சங்கத்துப் பெரியவரிடம் அனுமதி பெற்று, அவர் காட்டிய இடத்திற் பையன் தூண்டில் போட்டான். நானும் அணைக்கட்டில் அமர்ந்திருந்தேன். உள்ளங்கை அளவான மீன் ஒன்றை அவன் கழற்றித் திரும்ப நீரில் விட்டபோது, பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மாலையில் அவன் கோர்வையில் இருந்தவை இரண்டே திலாப்பியா. "போதுமா, தம்பி?" என்று கேட்டேன். "இன்றைக்குப் போதும், ஐயா" என்றான்.