மாத்தளைக்கு அப்பால் ஒரு தண்டவாளம்



கண்டியிலிருந்து வருகிற கோச்சி மாத்தளையோடு நின்றுவிடும். 1880இல், கோப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில் போட்ட பாதை அது. அங்கிருந்து 3 கிலோமீற்றர் வடக்கே இருக்கிற எங்கள் அலுவிகாரைக்குத் தண்டவாளம் வரவேயில்லை. தம்புள்ளைக்குப் போவதென்றால் இன்றும் பஸ்தான்.

அந்தப் பாதையைக் கணினியில் நாமே போட்டுப் பார்க்கலாம். ‘ஓப்பன் டிடிடி’ என்றொரு விளையாட்டு இருக்கிறது. கிறிஸ் சோயர் 1994இல் ஆக்கிய ‘டிரான்ஸ்போர்ட் டைக்கூன்’ விளையாட்டை அடியொற்றி, ஆர்வலர்கள் 2004 முதல் வளர்த்துவருவது. காசு கொடுக்க வேண்டியதில்லை. ஊர்களுக்கு நாம் விரும்பிய பெயரை வைக்கலாம். மாத்தளை, அலுவிகாரை, நாலந்தை, நாவுல, தம்புள்ளை என்று வரிசையாக வைத்துப் பாதை இழுக்கத் தொடங்கினால், மலைச்சரிவு எவ்வளவு செலவு வைக்கும் என்பது உடனே புரியும்.

வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று ஓடுகிறவர்களுக்கு இதற்கு நேரம் ஏது? நியாயமான கேள்வி. விளையாட்டில் ஒரு நாள் நமக்கு ஏறக்குறைய 2 விநாடி. ஓடுகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தால் இரவு போவது தெரியாது. ஆனால் இது நம்மைக் கூப்பிட்டு நச்சரிக்கிற விளையாட்டு அல்ல. மூடிவைத்தால் உள்ளே காலமும் நின்றுவிடும். ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அமைப்பில் ஒரு தெரிவை மாற்றிவிட்டால், ஓட்டத்தை நிறுத்திவைத்தபடியே பாதையும் போடலாம்.

அதனால் நான் சொல்வது, ஒரு மாலைக்கு ஒரு வேலை போதும். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். விலகிப் போக நடுவில் ஒரு கிளைப்பாதை போடுகிறோம். அது வண்டியின் நீளத்தைவிடக் குட்டையாக இருந்தால், கடைசிப் பெட்டி பிரதான பாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். எதிர் வண்டியும் அசையாது. பின்னால் வருகிற வண்டிகளும் வரிசையாக முடங்கும். பெட்டிகளை எண்ணி, கிளைப்பாதையை நீட்டி, இரு முனையிலும் சிக்னலைச் சரியான பக்கம் பார்க்க வைத்து, வண்டிகள் ஒன்றையொன்று கடப்பதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுங்கள். அன்றைக்கு அது நிறைவான ஆட்டம். புதிய பாலத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிஜப் பாதையும் ஒரே மூச்சில் வரவில்லையே! கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் கோச்சி ஓடியது 1864இல். கண்டியை எட்டியது 1867இல். மாத்தளைக்கு வர இன்னும் 13 வருடம்.

பல நாள் கழித்துத் திறக்கும்போது, எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். அதற்கு ஒரு வழி உண்டு. ஆட்டத்தைச் சேமிக்கும்போது, அடுத்து செய்யவேண்டிய வேலையையே கோப்பின் பெயராக எழுதிவையுங்கள். ‘நாலந்தைக் கிளைப்பாதையை நீட்டு’ என்று இருந்தால், திறந்த உடனேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.